கோடையில் நாயோடு ஏற்காடு: ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கி நடக்க என்னென்ன வேண்டும்

சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, மேலே போனால் ஜில்லென்று காற்று. நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவதில் என்ன சிரமம் என்றுதான் முதலில் தோன்றும். நடப்பதில் சிரமம் ஒன்றும் இல்லைதான். மாட்டிக்கொள்வது மூன்று இடங்களில்: ராத்திரி கூடாரம் போட அனுமதி இல்லாத மண், அடிவாரத்து வெயில், கையில் இல்லாத ஒரு தடுப்பூசிச் சான்று. மூன்றையும் வீட்டிலிருந்தே சரிசெய்துவிடலாம். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் கிளம்புவதற்கு முந்தைய வேலைதான்.

கீழே உள்ள கணக்கெல்லாம் ஏப்ரல், மே மாதத்துக்கு, இரண்டு நாள் ஒரு ராத்திரிக்கு, ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு. உங்கள் நாயின் எடைக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் நாய் இதற்கு ஆகுமா என்று முதலில் பாருங்கள்

பக், புல்டாக், ஷீட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களைக் கோடையில் கூட்டிப் போகவே வேண்டாம். மூச்சிரைத்துத்தான் நாய் தன் சூட்டைத் தணிக்கும். இவற்றுக்கு அந்த வழியே குறுகல். ஒன்றரை வயதுக்குள் இருக்கும் பெரிய இனக் குட்டிகள், சினைப் பெட்டை, இடுப்பு வலி உள்ள கிழ நாய், போன மாதம் உண்ணிக் காய்ச்சல் வந்து தேறியது எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

நன்றாகத் தாங்குவது நாட்டு நாய். சிப்பிப்பாறை, கன்னி இன வேட்டை நாய்கள் வெயிலைச் சமாளிக்கும், ஆனால் உடம்பில் கொழுப்பும் இல்லை முடியும் இல்லை, மலையில் ராத்திரி நடுங்கும். முயல் ஒன்று குறுக்கே ஓடிவிட்டால் நீங்கள் கூப்பிடுவது அவற்றின் காதில் ஏறாது. ராஜபாளையம் இனத்தில் காது கேளாத நாய்கள் பிறப்பது உண்டு. சந்தேகம் இருந்தால் பின்னால் நின்று கை தட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். அதன் இளஞ்சிவப்பு மூக்கில் வெயில் சுடும். லாப்ரடார் ஆசையோடு நடக்கும், களைத்தாலும் நிற்காது. அதனால் அதை நிறுத்த வேண்டியது உங்கள் வேலை.

தெருமுனை வரை போய்த் திரும்பும் நாயை ஒரே நாளில் 8 கிலோமீட்டர் நடத்தாதீர்கள். நாலு வாரம் எடுத்துக்கொண்டு, அதிகாலையில் 3 கிலோமீட்டரில் தொடங்கி வாரத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் வீதம் கூட்டுங்கள். பாதத்தின் அடித்தோல் கெட்டிப்படவும் அந்த நாலு வாரம் வேண்டும். அப்படியே ஒரு வார இறுதியில் மொட்டை மாடியில் கூடாரத்தைப் போட்டு நாயோடு உள்ளே படுத்துப் பாருங்கள். ஜிப் சத்தத்துக்கே மிரளுகிற நாய் என்று மலையில் போய்த் தெரிந்துகொள்வது நல்லதல்ல.

2. நாலு வாரத்துக்கு முன்பே: ஊசி, உண்ணி மருந்து, காகிதம்

வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஓராண்டுக்குள் போட்டிருக்க வேண்டும். இப்போதுதான் முதன்முறை போடுகிறீர்கள் என்றால் எதிர்ப்புச் சக்தி உருவாக மூன்று நாலு வாரம் ஆகும்; முந்தின நாள் போட்டுவிட்டுக் கிளம்புவதில் பயன் இல்லை. மலைக் கிராமங்களில் உங்கள் நாய் யாரையாவது பல் பதித்துவிட்டால் முதலில் கேட்கப்படுவது இந்தச் சான்றுதான். கூட்டு ஊசியில் எலிக்காய்ச்சல் பாகமும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். தேங்கிய தண்ணீரை நக்கும் நாய்க்கு அது கட்டாயம், அதன் பலமும் ஓராண்டுதான்.

அடுத்தது உண்ணி. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை ஓரங்களில் புதர் புதராக மண்டிக் கிடக்கிற செடிக்குப் பெயரே உண்ணிச்செடி. உண்ணியைக் கொல்லும் மெல்லும் மாத்திரைகளில் அஃபாக்சோலனர் ஒரு மாதத்துக்கும் ஃப்ளூரலனர் 12 வாரத்துக்கும் தாங்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். நாய்க்கு அது ஒத்துக்கொள்கிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய் என்றால் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரைகள் வேண்டாம். மாத்திரை கொடுத்தாயிற்று என்று கையால் தடவிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். உண்ணி கடித்த பிறகுதான் இந்த மருந்து அதைக் கொல்லும்.

ஒரு பிளாஸ்டிக் உறையில் வைக்க வேண்டியவை: தடுப்பூசிப் புத்தகம், மாநகராட்சியில் எடுத்த வளர்ப்பு நாய் உரிமத்தின் நகல், ரயிலில் வருவதானால் உடல்தகுதிச் சான்று, உங்கள் ஆதார் நகல், நாயின் இரண்டு படம் (முகம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று). காணாமல் போனால் அந்தப் படம்தான் டீக்கடைகளில் காட்ட உதவும். எல்லாவற்றையும் செல்போனிலும் வைத்திருங்கள், ஆனால் காகிதமும் இருக்கட்டும். எஸ்டேட் பகுதிகளில் சிக்னல் பல இடத்தில் இருக்காது.

3. படுக்கிற இடம்: இதுதான் முதல் வேலை, கடைசி வேலை அல்ல

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். ஏற்காட்டைச் சுற்றியுள்ள நிலம் மூன்று வகை. ஒன்று காப்புக்காடு. இரண்டாவது காபி, மிளகு எஸ்டேட்டுகளும் கிராமத்தாருடைய பட்டா நிலமும். மூன்றாவது ஏரி, பூங்கா, பக்கோடா பாயின்ட் மாதிரியான பொது இடங்கள்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், நாயோடு நுழைவது அதைவிட மோசம். குரங்கணித் தீவிபத்துக்குப் பிறகு 2018இல் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு உண்டு. அவை வழிகாட்டியோடு போய்வரும் நடைகள். நாயை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கீழிருந்து மலை ஏறும் பழைய ஒற்றையடிப் பாதைகள் காடு வழியாகப் போகிறவை. யூடியூபில் யாரோ ஏறுகிறார் என்பது அனுமதி ஆகாது. நாயின் வாடையும் குரைப்பும் காட்டு விலங்குகளைக் கலைக்கும் என்பதோடு, நாயிடமிருந்து அவற்றுக்கு நோயும் தொற்றும்.

பொது இடங்களில் கூடாரம் போட்டால் ராத்திரி பத்து மணிக்கு எழுப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே மிஞ்சுவது ஒன்றுதான்: பட்டா நிலம், உரிமையாளர் சம்மதத்தோடு. கூடாரம் போட இடம் விடுகிற எஸ்டேட்டுகளும் தங்கும் வீடுகளும் ஏற்காட்டில் நிறைய. "பெட் பிரண்ட்லி" என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். பல இடங்களில் அதற்கு அர்த்தம், நாய் வாசலில் கட்டிக் கிடக்கலாம் என்பது மட்டுமே. போனில் இப்படிப் பேசிவிடுங்கள்:

"அண்ணா வணக்கம். நானும் என் தம்பியும் வர்றோம், கூட 22 கிலோ நாய் ஒண்ணு. ஊசியெல்லாம் போட்டிருக்கு. நாய் எங்ககூட டென்டுக்குள்ளயேதான் படுக்கும், அதுக்குச் சரிங்களா? உங்க எஸ்டேட்ல நாய் எத்தன இருக்குதுங்க, ராத்திரி அவுத்து விடுவீங்களா? கோழி, ஆடு மேயுதுங்களா? டென்ட் போடற இடத்துக்கும் காட்டு எல்லைக்கும் எவ்வளவு தூரம்? தண்ணி குழாய் இருக்குதுங்களா? நாய்க்குத் தனியா ஏதாச்சும் சார்ஜ் உண்டுங்களா?"

இந்த ஏழு கேள்விகளில் மிக முக்கியமானது எஸ்டேட் நாய்களைப் பற்றியது. ராத்திரி அவிழ்த்துவிட்ட நாலைந்து காவல் நாய்கள், புதிதாக வந்த நாயைச் சும்மா விடாது. "ஒண்ணும் பண்ணாதுங்க, பழகிக்கும்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

பேசியதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் வாங்கிக்கொள்ளுங்கள்: தேதி, ஆட்கள், நாய், கூடாரம், தொகை, மேனேஜர் அல்லது ரைட்டரின் (எஸ்டேட் கணக்கர்) எண். போனில் சரி சொன்னவர் அன்றைக்கு ஊரில் இல்லாமல், வாட்ச்மேன் "நாய்க்கு அனுமதி இல்லீங்க" என்று கேட்டை மூடிவிட்டால் கையில் காட்ட ஏதாவது வேண்டும். கிராமத்தாருடைய நிலம் என்றால் நிலத்துக்காரரோடு ஊர்ப் பெரியவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. எஸ்டேட் பக்கத்தில் காட்டு எல்லை இருந்தால் வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் செய்து, சமீபத்தில் காட்டெருமை நடமாட்டம் உண்டா என்று விசாரியுங்கள்.

4. தேதி

மே மாதக் கடைசி வாரங்களில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும். சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதம்தான். அந்த நாட்களில் கூட்டம் நெரியும், ஏறுவதற்கு ஒரு பாதை இறங்குவதற்குக் குப்பனூர் பாதை என்று மாற்றி விடுவார்கள், தங்குமிட விலை ஏறும், பட்டாசும் மேளமும் நாய்க்கு ஆகாது. விழா தேதி அறிவிப்பைப் பார்த்துவிட்டு அதற்கு முன்னோ பின்னோ, செவ்வாய் முதல் வியாழனுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்ததால் ஏற்காட்டுக்கும் உண்டா என்று குழம்புகிறவர்கள் உண்டு. கிளம்பும் வாரத்தில் சேலம் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

5. சேலம் வந்து சேர்வதும் மலை ஏறுவதும்

சென்னை, கோவைப் பக்கமிருந்து ரயிலில் வருவதானால் இரண்டே வழி. முதல் வகுப்பில் இரண்டு பேர் அறையையோ நாலு பேர் அறையையோ முழுதாக நீங்களே எடுத்திருந்தால் நாய் கூடவே வரலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டு. அந்த இரும்புக் கூண்டில் கோடைப் பகல் பயணம் வைக்கவே வைக்காதீர்கள். இரண்டாம், மூன்றாம் ஏசி, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் நாய்க்கு இடமில்லை. பதிவு செய்யாமல் ஏற்றிப் பிடிபட்டால் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு கட்ட நேரிடும். ரயிலில் முதல் வகுப்புப் பெட்டி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். வண்டி கிளம்ப இரண்டு மூன்று மணி நேரம் முன்பே பார்சல் அலுவலகத்தில் டிக்கெட், அடையாள அட்டை, ஊசிப் புத்தகம், ஓரிரு நாளுக்குள் வாங்கிய உடல்தகுதிச் சான்று ஆகியவற்றைக் காட்டி நாய்க்கு ரசீது போட வேண்டும். தனி அறை உறுதியாவது சார்ட் போட்ட பிறகுதான். அதனால் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று மாற்று ஏற்பாடு ஒன்று வைத்திருங்கள்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ் நிறைய உண்டு, ஆனால் நாயை ஏற்றுவார்கள் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். சொந்தக் காரோ, நாய் வருகிறது என்று முன்பே சொல்லிப் பேசிய வாடகை காரோதான் சரி. கார்க்காரரிடம் "முடி கொட்டினா கிளீன் பண்ற காசும் சேர்த்துத்தான்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொன்னால் பேச்சு சுமுகமாக முடியும்.

காலை 5 மணிக்குள் சேலத்தைத் தாண்டிவிடுங்கள். மே மாதத்தில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே வந்துவிடும், பகலில் சேலம் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அடிவாரத்தில் டீ குடிக்க இறங்கும்போது நாயைக் காரில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். நிழலில் நின்ற காரும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடுப்பாகிவிடும். நாய்க்கு முந்தின ராத்திரி கொடுத்த சாப்பாடே போதும். வெறும் வயிற்றோடு வளைவு ஏறினால்தான் வாந்தி எடுக்காது. வழக்கமாக வாந்தி எடுக்கிற நாய் என்றால் மாரோபிட்டன்ட் மாத்திரையை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வளைவுகளில் குரங்குக் கூட்டம் இருக்கும் இடத்தில் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், அங்கே நாயை இறக்கவும் வேண்டாம்.

6. மூட்டை

நாய் ஒரு நாளில் சும்மா இருக்கும்போதே கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் குடிக்கும். 20 கிலோ நாய்க்கு அது ஒரு லிட்டர். கோடை நடையில் இரண்டரை முதல் மூன்று லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மலைச் சுனைகள் கோடையில் வற்றிக் கிடக்கும், ஓடுகிற தண்ணீரும் எஸ்டேட்டுக்குள்ளிருந்து வருவது (ஏன் ஆகாது என்பது எட்டாம் பகுதியில்). உங்களுக்கும் நாய்க்கும் சேர்த்து ஆறு லிட்டர் கொள்ளும் ஸ்டீல் பாட்டில்களும் பைகளும் கொண்டுபோய், டீக்கடைகளில் நிரப்பிக்கொள்ளுங்கள். கேரி பை, பிளாஸ்டிக் டம்ளர் எல்லாம் வீட்டோடு.

சாப்பாடு: வழக்கமாகத் தின்பதே, ஒன்றரைப் பங்கு. தினம் 300 கிராம் உலர் தீனி தின்கிற நாய்க்கு 450 கிராம். வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிவிடுங்கள். சோறு தின்று பழகிய நாயை ஒரு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக உலர் தீனிக்கு மாற்றுங்கள், கட்டுச்சோறு மே மாதத்தில் மதியத்துக்குள் புளித்துவிடும்.

நாய்க்குச் சுமை கட்டும் பை தேவையில்லை என்பதே நம் கருத்து. கட்டத்தான் வேண்டுமென்றால் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்: 20 கிலோவுக்கு 2 கிலோ, இரண்டு பக்கமும் சமமாக. வெயில் ஏறியதும் கழற்றிவிடுங்கள், முதுகுச் சூடு வெளியேற இடம் வேண்டும்.

மற்றவை: மார்புப் பட்டை (கழுத்துப் பட்டை மட்டும் போதாது, மிரண்டால் தலையை உருவிக்கொண்டு ஓடும்), இரண்டு மீட்டர் கயிறு ஒன்று, உபரி ஒன்று, போன் எண் பொறித்த வில்லை, தானே நிற்கும் இரண்டு பேர் கூடாரம், தரைக்கு ஒரு பழைய ஜமுக்காளம், நாய்க்கு ஃபோம் துண்டு, குட்டை முடி நாய்க்கு ஒரு பழைய ஸ்வெட்டர். நாய் நகத்தை மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள். கூடாரத்துத் துணி கிழிவது நகத்தால்தான்.

மருந்துப் பை: உண்ணி பிடுங்கும் கொக்கி, மழுங்கிய முனை உள்ள இடுக்கி, டிஜிட்டல் வெப்பமானி, வாசலின், போவிடோன் அயோடின், ஒட்டாத பஞ்சு, தன் மேலேயே ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணி, ஒரு ஜோடி கெட்டி சாக்ஸ் (பாதம் கிழிந்தால் அதுதான் செருப்பு), வாய்க்கட்டு. வலியில் சொந்த நாயும் கடிக்கும். பாரசிட்டமால், இபுப்ரோஃபென் இரண்டும் உங்களுக்கு மட்டும். நாய்க்கு அரை மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள், ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

7. நடை: எவ்வளவு தூரம், எந்நேரம்

லூப் ரோடு என்று சொல்கிற சுற்றுப்பாதை 32 கிலோமீட்டர். அதைச் சுற்றி முடிப்பதை இலக்காக வைக்காதீர்கள். தங்குமிடத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளிக் காரிலிருந்து இறங்கி, எஸ்டேட் மண் பாதைகளும் கிராமத்து ரோடும் கலந்து ஒரு நாளைக்கு 8 கிலோமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். எஸ்டேட் பாதையில் நடக்கவும் அந்தந்த எஸ்டேட்டில் கேட்க வேண்டும். நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்திப் பக்கக் கிராமங்களில் டீக்கடை உண்டு, நிழல் உண்டு.

காலை 5.45 முதல் 9 வரை நடை. 10 முதல் 4 வரை மரத்தடி, தூக்கம். 4.15 முதல் 5.45 வரை மறுபடி நடை, அதுவும் வானத்தைப் பார்த்துத்தான். கோடை மழை மதியத்துக்கு மேல் இடியோடு வரும். சூரியன் மறைவது ஆறரையை ஒட்டி. கூடாரம் அதற்கு முக்கால் மணி முன்பே நிற்க வேண்டும்.

ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவு. அந்தக் குளிர்ச்சிதான் ஆளை ஏமாற்றும். உங்கள் உடம்புக்குக் காற்று சுகமாக இருக்கும், தார் ரோடு மட்டும் கொதிக்கும். புறங்கையைத் தாரில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயை அதில் நடத்தாதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, அரை டம்ளர் தண்ணீர் கொடுங்கள். ஒரே மூச்சில் முழுப் பாத்திரத்தையும் குடிக்க விட்டால் வாந்திதான். சாப்பாடு போட்டபின் இரண்டு மணி நேரம் நடை கூடாது. ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன், ராஜபாளையம் மாதிரி மார்பு ஆழமான நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

சூடு ஏறுகிறது என்பதை நாக்கு முதலில் சொல்லும்: நீண்டு, நுனி கரண்டி போல அகன்று தொங்கும். நிழலில் நிறுத்திப் பத்து நிமிடத்தில் இரைப்பு அடங்கினால் சரி. அடங்காமல் ஈறு செங்கல் நிறமாகி, எச்சில் பசையாகி, பின்னங்கால் தள்ளாடினால் வெப்பமானியில் வாசலின் தடவி ஆசன வாயில் வைத்துப் பாருங்கள். நாய்க்கு இயல்பு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நடையில் சற்று ஏறும், நிழலில் இறங்கிவிடும். 104ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் அன்றைய நடை முடிந்தது. வயிறு, தொடை இடுக்கு, அக்குள், பாதம் என்று சாதாரணத் தண்ணீரை ஊற்றி, தொப்பியாலோ தட்டாலோ விசிறுங்கள். ஐஸ் வேண்டாம், ஈரத் துண்டால் போர்த்தவும் வேண்டாம். போர்த்தினால் சூடு உள்ளேயே நிற்கும். 103க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எழுந்து நடந்து வாலாட்டினாலும் கிளம்பத்தான் வேண்டும், உள்ளுறுப்புக் கோளாறு மறுநாள்தான் தெரியும்.

8. எஸ்டேட்டுக்குள் கண்ணை எங்கே வைப்பது

நாய் எந்நேரமும் கயிற்றில். காரணம் ஒழுக்கம் மட்டுமல்ல, அவுட்டுக்காயும்தான். காட்டுப்பன்றிக்காக இறைச்சியிலோ பழத்திலோ வெடிமருந்தைப் பொதிந்து வைக்கிற அந்தச் சட்டவிரோத உருண்டையை நாய் கடித்தால் தாடையே போய்விடும். சுருக்குக் கம்பியும் அப்படித்தான், புதர் ஓரத்து ஒற்றைத் தடங்களில் கழுத்து மட்டத்தில் கிடக்கும். தரையில் கிடப்பது எதையும் தின்னக் கூடாது என்று "விடு" என்ற ஒரு சொல்லுக்கு நாயைப் பழக்கிவிட்டு வாருங்கள்.

தண்ணீர்த் தொட்டிகளில் நாயை வாய் வைக்க விடாதீர்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் காபிச் செடிக்கு இலைத்துரு வராமல் போர்டோ கலவை அடிப்பார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது அது. கலக்கிய தொட்டி நீலமாக இருந்தால் தெரியும், கழுவிவிட்ட தொட்டி தெரியாது. காபிக் கொட்டையும் உண்ணிச்செடிக் காயும் நாய்க்கு நஞ்சு.

ஊசிப்புல் காய்ந்து நிற்கும் மேடுகளைச் சுற்றிப் போங்கள். அதன் விதை விரல் இடுக்கிலும் காதிலும் திருகு ஆணி மாதிரி உள்ளே ஏறும். நாய் திடீரென்று தலையை உதறிக்கொண்டே இருந்தால் காதைப் பாருங்கள்.

கிராமத்துக்குள் நுழையும்போது கயிறு ஒரு முழம்தான். கோழியைப் பிடித்துவிட்டால் வாதாடாதீர்கள், கேட்ட காசைக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேளுங்கள். அடுத்து நாயோடு வருகிறவரையும் அந்த ஊர் உள்ளே விட வேண்டுமல்லவா.

காட்டெருமை: தூரத்தில் கறுப்பாகத் தெரிந்தாலே நில்லுங்கள். நாய் குரைத்துக்கொண்டு ஓடும், அது திருப்பித் துரத்தும், நாய் உங்களிடமே திரும்பி ஓடிவரும். பின்னாலேயே ஆயிரம் கிலோ வரும். கயிற்றைச் சுருட்டி, வாயைப் பொத்தி, முடிந்தால் தூக்கிக்கொண்டு, வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள்.

9. ராத்திரி

கூடாரம் போடுகிற இடத்தில் முதலில் அண்ணாந்து பாருங்கள். சில்வர் ஓக்கின் காய்ந்த கிளை காற்றில் முறியும். பலா மரத்தடி இரண்டு விதத்தில் ஆகாது: பழம் தலையில் விழும், விழுந்த பழத்தின் வாசனைக்குக் காட்டுப்பன்றி வரும். இடி இடித்தால் தனி மரத்தடியும் மேட்டு முகடும் வேண்டாம், எஸ்டேட் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கூடாரம் இடிக்குக் காப்பு இல்லை.

நாயைக் கூடாரத்துக்கு வெளியே கட்டிப் போடாதீர்கள். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை என்பது மலைக் கிராமத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும். உள்ளே படுத்தாலும் மார்புப் பட்டையும் கயிறும் மாட்டியே இருக்கட்டும், கயிற்று நுனி உங்கள் மணிக்கட்டில். நாய்த் தீனியையும் எச்சில் பாத்திரத்தையும் எஸ்டேட் அறையிலோ காரிலோ வைத்துவிடுங்கள். மே மாத ராத்திரியிலும் 20 டிகிரிக்குக் கீழே போகும், மழை பெய்தால் இன்னும். ஈரமான நாயைத் துவட்டாமல் உள்ளே விட்டால் இருவருக்கும் தூக்கம் போச்சு.

கழிவைப் பையில் அள்ளிக் கொண்டுவாருங்கள். காபிச் செடிகளுக்கிடையே வெறுங்காலோடு வேலை செய்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு அதிலிருந்துதான் ஏறும்.

10. எது நடந்தால் எங்கே போவது

மலையில் ராத்திரி கால்நடை மருத்துவர் கிடைப்பார் என்று எண்ண வேண்டாம். கிளம்புவதற்கு முந்தின நாளே, சேலத்தில் ராத்திரியும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை ஒன்றுக்குப் போன் செய்து, பாம்பு விஷ முறிவு மருந்து இருப்பில் உள்ளதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய சிகிச்சைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, சேலத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். 1962 அரசின் கால்நடை ஆம்புலன்ஸ் எண். பெரும்பாலும் பண்ணைக் கால்நடைகளுக்கானது என்றாலும் யாரை அணுகலாம் என்று கேட்க உதவும்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், பாம்பைத் தேடாதீர்கள். நாயை நடத்தாமல் தூக்கிக்கொண்டு காருக்குப் போங்கள். 20 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று யோசித்தால், கார் எட்டும் தூரத்திலேயே பாதையை வைத்துக்கொள்ளச் சொல்வதன் காரணம் புரியும். இதற்காகவே வாடகை காரை அனுப்பிவிட்டாலும் ஏற்காட்டிலேயே உள்ள ஓட்டுநர் ஒருவரின் எண்ணை வாங்கி வைத்திருங்கள்.

வேறு நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். ஊசி போட்ட நாய்தான் என்றாலும் மருத்துவரிடம் ஊக்க ஊசி பற்றிக் கேட்க வேண்டும்.

11. செலவு எங்கே போகும்

ஊசியும் உண்ணி மாத்திரையும் எப்படியும் வருடத்துக்கு ஆகிற செலவு, இதில் சேர்க்காதீர்கள். வெறிநாய்க்கடி ஊசியை அரசு கால்நடை மருத்துவமனையில் குறைந்த செலவில் முடிக்கலாம். பயணத்தில் பெரிய தொகை இரண்டு: போக்குவரத்தும் தங்குமிடமும். வாடகை காருக்கு ஏறும் கூலி, இறங்கும் கூலி தனித்தனியா, காத்திருப்புக் கூலி உண்டா என்று பேசிவிடுங்கள். காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் சேர்த்துத்தான் கேட்பார்கள். தங்குமிடத்தில் கூடாரத்துக்கா ஆளுக்கா, நாய்க்குத் தனியா, முன்பணம் திரும்ப வருமா என்று நாலும் கேளுங்கள். மழையால் ரத்தானால் தேதி மாற்றித் தருகிற இடமே மேல். இவை தவிர அவசரத்துக்கென்று ஐயாயிரம் ரூபாயாவது ரொக்கமாக இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது.

12. இறங்கிய பிறகு

காலை 9 மணிக்குள் நடையை முடித்துவிட்டு, கீழே வெயில் ஏறும் முன் இறங்குங்கள். இல்லையென்றால் மாலை வரை மேலேயே இருங்கள். மதியம் 12 மணிக்கு ஏசி இல்லாத காரில் சேலத்துக்குள் இறங்குவது, இரண்டு நாள் பார்த்துப் பார்த்துக் காத்ததை ஒரு மணி நேரத்தில் கெடுப்பது.

வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டுவதற்கு முன் உண்ணி பாருங்கள்: காது மடலின் உட்புறம், கண் இமை, தாடைக்கு அடி, அக்குள், விரல் இடுக்கு, வால் அடி. கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நிதானமாக எடுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். எடுத்ததைச் சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள், நசுக்காதீர்கள். மறுநாள் நாய் முழுக்கத் தூங்கினால் அது களைப்பு. மூன்றாம் நாளும் எழவில்லை, தின்னவில்லை என்றால் மருத்துவர். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், மூக்கில் ரத்தம், காப்பி நிறச் சிறுநீர் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது "மலைக்குப் போய் வந்தோம், இந்தத் தேதியில்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மருத்துவர் உண்ணிக் காய்ச்சலை முதலிலேயே தேடுவார்.